வால்வில் தேய்ந்த வில்லைகள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

திருமண ஊர்வலம் தெருமுனை திரும்புவதற்கு முன்பே அதன் ஓசை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறது. குழந்தைகள் ஓடுகிறார்கள். பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வருகிறார்கள். முன்வரிசையில் டிரம்பெட் பளபளக்கிறது, கிளாரினெட் குழைகிறது, பேஸ் டிரம் நெஞ்சை அதிர வைக்கிறது. இவற்றுக்கு நடுவே, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துப் பிடித்த பருத்த பித்தளை வாத்தியம் ஒன்று இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் பெயர் யூபோனியம். டிரம்பெட் பாட்டைப் பாடும்போது அதற்கு அடியில் தரைபோல விரிந்து கிடக்கும் கனத்த குரல் அதனுடையது. எங்கள் ஊர் பாண்டு செட்டில் முப்பத்தோர் ஆண்டுகளாக அதனை ஊதி வருபவர் என் தந்தை.

இக்கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு வரை இதனை நான் யாரிடமும் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதினேன். அது முழுப் பொய்யும் அன்று. முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அவர் செங்கல் சூளைக்குப் போவதுண்டு. ஆயினும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசற்படியை மிதித்த என்னுடைய விடுதிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும், கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் அவர் ஊதிய மூச்சிலிருந்து வந்தவையே. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு எங்கள் துறை ஆசிரியர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. அரை சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத கம்பளி வில்லை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் விடுதியிலிருந்து ஊருக்குச் சென்றிருந்தேன். தந்தையார் திண்ணையில் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு ஊதாமலே உட்கார்ந்திருந்தார். பாண்டு மாஸ்டர் அவரைவிட வயதில் இளையவர், நல்லவரும்கூட. அவர் அன்று காலை வந்து, “அண்ணே, உங்க சுரம் நிக்க மாட்டேங்குது. வயசாகுதுல்ல. ஐப்பசி முகூர்த்தத்துக்கு ஒரு பையனப் பாத்துக்கலாம்னு இருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முன்னைப்போல் எல்லாக் கல்யாணத்துக்கும் பாண்டு செட்டைக் கூப்பிடுவதில்லை. பல வீடுகளில் செண்டை மேளம் வந்துவிட்டது. கிடைக்கும் சில நாள்களிலும் சுரம் தவறினால் மாஸ்டர்தான் என்ன செய்வார்?

“மூச்சு போச்சு தம்பி. முன்ன மாதிரி ஏறல” என்றார் தந்தையார்.

நான் வாத்தியத்தை வாங்கி, ஊதத் தெரியாததால், வெறுமனே வால்வுகளை அமுக்கிப் பார்த்தேன். ‘டக், டக்’ என்று உலோகம் உலோகத்தில் மோதும் ஓசை கேட்டது. முதல் இரண்டு வால்வுகளில் அவ்வோசை கடுமையாகவும் மூன்றாவதில் சற்று மென்மையாகவும் இருந்தது. “இது எப்பவும் இப்படித்தானா?” என்று கேட்டேன். “பத்து வருசமா அப்படித்தான்” என்றார். என் ஐயம் அங்கேதான் தொடங்கியது.

அந்த ஐயத்தை விளக்குவதற்கு முன், பித்தளை வாத்தியத்தில் சுரம் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சிறிது பார்க்க வேண்டும்.

நீண்ட குழாய் ஒன்றின் முனையில் உதடுகளை இறுக்கி அதிர வைத்து ஊதினால், உள்ளே இருக்கும் காற்று நிலை அலைகளாக அதிர்கிறது. குழாயின் நீளம் மாறாதவரையில் எந்தச் சுரத்தையும் நம் விருப்பம்போல் எழுப்ப இயலாது. ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என்ற ஒழுங்கில் அமைந்த சுரங்களே கிட்டும். நமது இசையில் சொல்வதானால் ஸ, ப, மேல் ஸ, அதற்கும் மேலே க என்று படிப்படியாகத் தாவலாம். படிகளுக்கு இடையில் நிற்க முடியாது. நம் கோயில்களில் ஊதப்படும் கொம்பும் எக்காளமும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் சினிமாப் பாட்டு வாசிக்க முடியாததற்குக் காரணம் பக்தி அன்று, பௌதிகமே.

ஐரோப்பியப் பித்தளை வாத்தியங்களுக்கும் நெடுங்காலம் இதே நிலைதான் இருந்தது. ஹைன்ரிஷ் ஸ்டோல்செல், ஃபிரீட்ரிஷ் ப்ளூமெல் என்னும் இருவர் 1818-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். 1830-களின் இறுதியில் பாரிஸ் நகரத்தில் பிரான்சுவா பெரினே என்பவர் அதனைத் திருத்தி அமைத்தார். இன்று டிரம்பெட்டிலும் யூபோனியத்திலும் நாம் காணும் பிஸ்டன் வால்வு பெரினேயின் வழியில் வந்ததே. வெள்ளையர் படைகளோடு இவ்வாத்தியங்கள் நம் நாட்டுக்கு வந்தன. படைமுகாம் நகரமாக இருந்த மீரட்டில் அவற்றைச் செய்யும் தொழில் வேரூன்றியது. அந்நகரின் ஜலி கோட்டிப் பகுதி இன்றும் பாண்டு வாத்தியங்களுக்குப் பெயர்பெற்றது. என் தந்தையின் யூபோனியமும் மீரட்டில் பிறந்ததுதான். அவர் அதைப் பழையதாக வாங்கியபோதே அதற்கு வயதாகியிருந்தது.

வால்வின் வேலை மிக எளியது. காற்று செல்லும் வழியில் ஒரு கூடுதல் குழாயைச் சேர்ப்பதே அதன் பணி. குழாய் நீண்டால் சுரம் தாழும். யூபோனியத்தின் குழாயைச் சுருள் பிரித்து நேராக நீட்டினால் ஏறத்தாழ ஒன்பது அடி இருக்கும். ஓர் அரைச் சுரம் தாழ்வதற்கு நீளம் ஏறத்தாழ 6 விழுக்காடு கூட வேண்டும். இரண்டாவது வால்வு அவ்வளவே சேர்க்கிறது. அஃதாவது ஆறரை அங்குலம். முதல் வால்வு ஒரு முழுச் சுரத்துக்காகப் பதின்மூன்று அங்குலமும், மூன்றாவது ஒன்றரைச் சுரத்துக்காக இருபது அங்குலமும் சேர்க்கின்றன. மூன்று விரல்களை மாற்றி மாற்றி அமுக்குவதால் முன்பு சொன்ன படிகளுக்கு இடையே உள்ள பள்ளங்கள் நிரம்பிவிடுகின்றன. ‘இரண்டாவது வால்வு நடுவில் இருக்க, ஏன் அதற்கு மிகச் சிறிய குழாய்?’ என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. தந்தையாரிடம் கேட்டதற்கு, “அது அப்படித்தான்” என்றார்.

வால்வுக்குள் என்ன இருக்கிறது? உருளை வடிவான ஓர் உறை, அதற்குள் வழுக்கிச் செல்லும் பிஸ்டன், பிஸ்டனைத் தாங்கி மேலே தள்ளும் சுருள்வில், மேலே திருகுமூடி, மூடியின் நடுத்துளை வழியாக வெளியே வரும் தண்டு, தண்டின் உச்சியில் விரல் வைக்கும் பட்டன். பிஸ்டனின் உடம்பில் குறுக்காகத் துளைவழிகள் உள்ளன. பிஸ்டன் மேலே இருக்கும்போது ஒரு வழி, உறையின் பக்கச் சுவரில் உள்ள துளைகளுக்கு நேராக நின்று காற்றை அப்படியே அடுத்த வால்வுக்கு அனுப்புகிறது. கீழே அமுக்கும்போது வேறு இரண்டு வழிகள் அதே துளைகளுக்கு நேராக வந்து, காற்றைக் கூடுதல் குழாய்க்குள் சுற்றிவரச் செய்கின்றன.

ஆக, பிஸ்டன் மேலே எந்த இடத்தில் நிற்கிறது, கீழே எந்த இடத்தில் நிற்கிறது என்பவை இரண்டும் உயிர்நிலைகள். அவற்றை நிர்ணயிப்பவை எவை? பித்தளை அன்று, சுருள்வில்லும் அன்று. ஒவ்வொரு வால்விலும் இரண்டு மென்மையான வில்லைகள் இருக்கின்றன. ஒன்று பிஸ்டனின் தலையில், மூடிக்குக் கீழே, தண்டைச் சுற்றி மோதிரம்போல் கிடக்கும். சுருள்வில் பிஸ்டனை மேலே தள்ளும்போது இந்த வில்லை மூடியின் அடிப்பாகத்தில் முட்டி நிற்கும். மற்றொன்று மூடிக்கு வெளியே, பட்டனுக்கு அடியில் இருக்கும். அமுக்கும்போது பட்டன் இதன்மேல் வந்து மூடியில் உட்காரும். இவை கம்பளி ஃபெல்ட்டாலோ தக்கையாலோ ஆனவை. ஓசையை அடக்குவதற்காக மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

முப்பது ஆண்டுகளில் ஒரு விரல் எத்தனை இலட்சம் முறை அமுக்கியிருக்கும்! ஒவ்வொரு முறையும் வில்லை ஒரு சிறிது நசுங்குகிறது. எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து இறுகுகிறது. தக்கையாயின் பொடிந்து உதிர்கிறது. மேல் வில்லை தேய்ந்தால் பிஸ்டன் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மேலே ஏறிவிடுகிறது. பட்டன் வில்லை தேய்ந்தால் வேண்டிய இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. துளைக்கு நேரே துளை நிற்பதற்குப் பதிலாகச் சுவரின் விளிம்பு குறுக்கே வந்து நிற்கிறது.

மறுவாரம் துறை ஆசிரியரின் அனுமதியோடு ஆய்வகத்து வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். அனுமதி கேட்கும்போதுதான் முதன்முதலாக என் தந்தையின் தொழிலை ஒருவரிடம் சொன்னேன். ஆசிரியர் எதுவும் கேட்காமல் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். குழாயின் உள்விட்டம் 14 மில்லிமீட்டர் இருந்தது. இரண்டாவது வால்வின் மேல் வில்லை இருந்த இடத்தில் கருத்த தூள் மட்டுமே மிஞ்சியிருந்தது. துளைகள் 2 மில்லிமீட்டர் விலகி நின்றன.

2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றைச் சிறிது நகர்த்துங்கள். இரண்டுக்கும் பொதுவான பரப்பு எவ்வளவு குறைகிறது? நகர்வு சிறியதாயின், குறையும் பரப்பு ஏறத்தாழ நகர்வையும் விட்டத்தையும் பெருக்கிவரும் அளவாகும். 2-ஐ 14-ஆல் பெருக்க 28 சதுர மில்லிமீட்டர். முழு வட்டத்தின் பரப்பு 154 சதுர மில்லிமீட்டர். 28-ஐ 154-ஆல் வகுத்தால் 18 விழுக்காடு! காற்றின் வழியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அடைத்துவிட்டு, ‘மூச்சு போச்சு’ என்று ஒரு மனிதர் தம்மைத்தாமே நொந்துகொண்டிருந்தார்.

அதுவும் ஓரிடத்தில் மட்டுமன்று. ஒரு வால்வுக்குள் காற்று நுழையும் இடம் ஒன்று, வெளியேறும் இடம் ஒன்று. இரண்டிலும் அதே விலகல். அமுக்கிய நிலையில் கூடுதல் குழாய்க்குள் போய் வருவதால் நான்கு இடங்கள். பரப்பு திடீரென மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒலி அலையின் ஒரு பகுதி பிரதிபலித்துத் திரும்புகிறது என்பது நாம் பாடத்தில் படித்ததே. நிலை அலையின் ஒழுங்கு கலைகிறது, சுரம் மங்குகிறது, உதடு கேட்கும் சுரத்துக்குக் குழாய் உடனே இணங்குவதில்லை. மேலும், எந்த விரலை அமுக்கினாலும் அமுக்காவிட்டாலும் காற்று மூன்று வால்வுகளையும் கடந்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு வால்வின் குறை எல்லாச் சுரங்களிலும் தெரியும். ஒரே ஒரு சுரம் கெட்டிருந்தால் தந்தையார் வாத்தியத்தின் மேல் ஐயப்பட்டிருப்பார். எல்லாம் சேர்ந்து, அதுவும் பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகக் கெட்டதனால், தம் மார்பின்மேல் ஐயப்பட்டார்.

இனி வில்லையை மாற்றிய கதைக்கு வருகிறேன். நகரத்துக் கடையில் ஆயத்த வில்லைகள் கிடைக்கும் என்றாலும் வாத்தியத்துக்கு வாத்தியம் அளவு வேறுபடும். பழுது பார்ப்பவர் ஒருவரைக் கேட்டதில் வாத்தியத்தைப் பதினைந்து நாள் விட்டுப் போகச் சொன்னார். கூலியும் எங்கள் கைக்கு மீறியது. நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

முதலில் செய்தது பெரும் பிழை. பழைய ஹவாய்ச் செருப்பின் ரப்பரைச் சீவி வில்லை வெட்டினேன். அழகாக இருந்தது. ஓசையும் அடங்கியது. ஆனால் ஊதிப் பார்த்த தந்தையார், “விரல் துள்ளுது தம்பி” என்றார். உண்மைதான். ரப்பர் தான் வாங்கிய அடியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். பிஸ்டன் வந்து முட்டியதும் ஒரு பந்தைப்போல எழும்பும். விரைவான இடங்களில் சுரம் இரட்டிக்கும். அதைவிடக் கேடு நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. எங்கள் ஊர்க் கலைஞர்கள் தையல் இயந்திர எண்ணெயில் சிறிது மண்ணெண்ணெய் கலந்து வால்வுக்கு விடுவார்கள். அந்த எண்ணெயைக் குடித்து ரப்பர் உப்பிவிட்டது. முன்பு மேலே ஏறி நின்ற பிஸ்டன் இப்போது கீழே தாழ்ந்து நின்றது. இந்த நான்கு நாளில் மாஸ்டர் ஒருமுறை வந்து கேட்டுவிட்டு, வாய் திறவாமல் போனார். அன்று இரவு நான் உறங்கவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

ஃபெல்ட் ஏன் சிறந்தது? அது நெய்த துணி அன்று. கம்பளி இழைகளை ஈரமும் சூடும் அழுத்தமும் கொடுத்துப் பிசைந்து இறுக்குவதால் உண்டாவது. கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன் செதில்போலச் செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. அடி விழும்போது இழைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. பிஸ்டன் துள்ளாமல் வந்து உட்காரும்.

எங்கள் ஊரில் ஆர்மோனியம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். ஆர்மோனியக் கட்டைகளுக்கு அடியில் ஃபெல்ட் வைப்பது வழக்கம். அவரிடம் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள நல்ல கம்பளி ஃபெல்ட் உள்ளங்கை அகலத்துக்குக் கிடைத்தது. நாற்பது ரூபாய். “படிக்கிற பிள்ள, முப்பது குடு” என்றார். வட்டமாக வெட்டுவதற்குச் செருப்புத் தைக்கும் அண்ணன் ஒருவர் உதவினார். தோலில் துளை போடும் வட்ட உளிகள் அவரிடம் பல அளவில் உண்டு. முதலில் சிறிய உளியால் நடுத்துளையைப் போட்டுவிட்டுப் பிறகு பெரிய உளியால் வெளிவட்டத்தை வெட்ட வேண்டும். முறையை மாற்றினால் துளை நடுவில் விழாது. நடுத்துளை தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெளிவட்டம் உறையின் சுவரை உரசக் கூடாது. உரசினால் இழை உதிர்ந்து பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையில் புகும். அங்கே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். ஒரு இழை போதும், வால்வு சிக்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பைத் தீக்குச்சிச் சுடரில் ஒருகணம் காட்டி நீட்டி நிற்கும் இழைகளைப் பொசுக்கிவிட்டேன். கம்பளி பற்றி எரியாது, கருகி நின்றுவிடும்.

பிரிக்கும் முறையை ஆவலுள்ளோர்க்காகச் சொல்கிறேன். மேல் மூடியைத் திருகிப் பிஸ்டனை நேர் மேலாக இழுக்க வேண்டும், சாய்க்கக் கூடாது. ஒவ்வொரு பிஸ்டனிலும் 1, 2, 3 என்று எண் பொறித்திருக்கும். ஒன்றை மற்றொன்றின் உறையில் போடலாகாது. பட்டனைக் கழற்றி, மூடியைத் தண்டிலிருந்து உருவினால் இரண்டு வில்லைகளும் கைக்கு வரும். பட்டன் இறுகியிருந்தால் குறடு போட வேண்டாம். ஒருதுளி மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்தால் தானே இளகும். பிஸ்டனைப் பழைய வேட்டித் துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் ஆகவே ஆகாது. தேங்காய் எண்ணெயும் கூடாது. எங்கள் தாத்தா காலத்தில் அதைத்தான் விட்டார்களாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறைவது. மார்கழி விடியற்காலையில் வால்வு நகராமல் நின்றிருக்கும். பனியின்மேல் பழியைப் போட்டிருப்பார்கள்.

இப்போது மிக முக்கியமான பகுதி: தடிமனை எவ்வாறு அறிவது? மேல் வில்லையை மாற்றினால் கீழ் நிலையும் மாறும் என்று எண்ணி நான் ஒரு நாள் முழுவதும் காகிதத்தில் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். சிந்தித்தால் இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. மேலே நிற்கும் இடத்தை மேல் வில்லை மட்டுமே முடிவு செய்கிறது. கீழே நிற்கும் இடத்தைப் பட்டன் வில்லை மட்டுமே முடிவு செய்கிறது. சமன்பாட்டுக் காகிதத்தைச் சுருட்டி எறிந்தேன்.

பார்ப்பதற்கு ஒரு கருவி செய்தேன். சமதளக் கண்ணாடியில் உடைந்த சிறு துண்டை ஒரு குச்சியின் நுனியில் 45 டிகிரி சாய்வாக மெழுகால் ஒட்டினேன். பல் வைத்தியர் வைத்திருக்கும் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் வால்வின் பிஸ்டனை வெளியே எடுத்துவிட்டு, அந்தக் காலி உறைக்குள் கண்ணாடியை இறக்கி, கைப்பேசி விளக்கைக் காட்டினால், இரண்டாவது வால்வுக்குச் செல்லும் துளை தெரியும். துளைக்குள் பிறைநிலவுபோல் ஒரு பித்தளை விளிம்பு தெரிந்தால், அவ்வளவு விலகல் என்று பொருள். அமுக்காமல் ஒருமுறையும் அமுக்கி ஒருமுறையும் பார்க்க வேண்டும். முதலாவதைப் பார்க்க இரண்டாவதை எடுத்துவிட வேண்டும். மூன்றாவதைப் பார்க்கவும் அவ்வாறே.

இரண்டு மில்லிமீட்டர் ஃபெல்ட் சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது. இடைவெளியை நிரப்ப மருத்துவமனையில் எடுத்த பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை வட்டமாக வெட்டிக்கொண்டேன். திருகு அளவியில் அதன் தடிமன் 0.2 மில்லிமீட்டர் காட்டியது. ஃபெல்ட்டுக்கு அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிக்கொண்டே போய்ப் பிறை மறையும் இடத்தில் நிறுத்தினேன். அந்தப் படம் சூளையில் கை முறிந்தபோது தந்தையாருக்கு எடுத்தது. அவருடைய எலும்பின் நிழல் இப்போது வாத்தியத்துக்குள் இருக்கிறது. அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

புரட்டாசி மாதக் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறு வில்லைகளும் தயாராயின. பிறை ஒன்றிலும் இல்லை. வெற்றிப் பெருமிதத்தோடு வாத்தியத்தை நீட்டினேன். தந்தையார் நீண்ட ஒரு சுரம் ஊதினார். எங்கள் தெருவில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு மெல்ல விரல்களை மாற்றி ஊதி நிறுத்தி, “ரெண்டாவது இன்னும் கொஞ்சம் மூடியிருக்கு” என்றார்.

கண்ணாடியில் பார்த்தாயிற்று, அளந்தாயிற்று என்று நான் வாதாடினேன். ‘அளவுகோலைவிடக் காது பெரிதா?’ என்று மனத்துக்குள் எண்ணியதையும் ஒப்புக்கொள்கிறேன். அவர் வாதாடவில்லை. “சரி, நீ சொன்னா சரி” என்றார். அந்தச் சொல்தான் என்னை மறுபடியும் கண்ணாடியை எடுக்கச் செய்தது. நேராகப் பார்க்காமல் சற்று மேலிருந்து பார்த்திருக்கிறேன். இடமாறு தோற்றப் பிழை! முதலாண்டு செய்முறையில் முதல் நாளே ஆசிரியர் எச்சரித்த அதே பிழை. கண்ணாடியைச் சரியாகப் பிடித்துப் பார்த்தபோது மெல்லிய நகக்கீறல்போல் ஒரு பிறை நின்றது. எக்ஸ்ரே வட்டம் இரண்டு சேர்த்தேன். 0.4 மில்லிமீட்டர். இம்முறை அவர் ஊதிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவுக்குத் தாயார் இரண்டு முறை அழைத்தும் ஊதிக்கொண்டே இருந்தார்.

உருள் வால்வு உள்ள வாத்தியங்களும் உண்டு. ஃபிரெஞ்சு ஹார்ன் அவற்றுள் ஒன்று. அங்கே பிஸ்டன் மேலும் கீழும் போகாமல் உருளை கால் வட்டம் சுழலும். இரு முனையிலும் அதனை நிறுத்தும் சிறு தக்கை அல்லது எண்ணெயில் கெடாத செயற்கை ரப்பர்த் துண்டுகள்தாம் அங்கே வில்லையின் வேலையைச் செய்கின்றன. பின்மூடியைத் திறந்தால் சுழலும் அச்சின் மேல் ஒரு கோடும், அதனருகே தகட்டில் இரண்டு கோடுகளும் இருக்கும். கோட்டுக்கு நேரே கோடு வரும்வரை பிளேடால் தக்கையைச் சீவினால் போதும். கண்ணாடிக் குச்சியெல்லாம் வேண்டியதில்லை. நேரில் தொட்டுப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை.

ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாஸ்டர் வந்தார். புதிய பையன் ஒருவனையும் உடன் அழைத்து வந்திருந்தார். தந்தையாரை ஊதச் சொல்லிக் கேட்டார். கீழ்ச் சுரங்கள் திண்ணைத் தூணில் அதிர்ந்தன. மேல் சுரங்களில் ஒன்றிரண்டு இடங்களில் மூச்சு வாங்கியது உண்மை. வில்லை எல்லாவற்றையும் திருப்பித் தந்துவிடவில்லை; ஐம்பத்து நான்கு வயதுக்கும் ஒரு கணக்கு உண்டு. மாஸ்டர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அண்ணே, கீழ நீங்க பிடிங்க. மேல வர்ற இடத்த பையன் டிரம்பெட்ல எடுத்துக்கட்டும்” என்றார். பையனுக்கு டிரம்பெட்டும் வருமாம். பிறகு வாத்தியத்தை வாங்கி வால்வுகளை அமுக்கிப் பார்த்தார். ஓசை இல்லை. “யாரு செஞ்சது?” என்றார்.

தந்தையார் என்னைக் காட்டி, “காலேஜ்ல படிக்கிறான்” என்றார்.

அந்த முகூர்த்தக் கூலியில் என் தேர்வுக் கட்டணம் கட்டப்பட்டது. கார்த்திகையில் மாஸ்டர் தமது டிரம்பெட்டையும் மற்றொருவரின் கார்னெட்டையும் என்னிடம் கொடுத்தார். டிரம்பெட்டின் குழாய் குறுகலானது. 12 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் 11 விழுக்காடு அடைபடும். ஆகவே அங்கே இன்னும் கவனம் வேண்டும். புதிய ஃபெல்ட் முதல் சில வாரங்களில் நசுங்கி அமரும் என்பதையும் பின்னர்தான் கண்டேன். தந்தையாரின் வாத்தியத்தில் தை மாதத்தில் மீண்டும் ஓர் எக்ஸ்ரே வட்டம் சேர்க்க வேண்டியிருந்தது. ஆதலால் மாற்றி ஒரு மாதம் கழித்து மறுபடியும் கண்ணாடியில் பார்ப்பது நல்லது.

ஃபெல்ட்டில் இன்னும் மூன்று வாத்தியங்களுக்கு வேண்டிய அளவு மீதி இருக்கிறது. நம் கல்லூரி மாணவர் எவர் வீட்டிலேனும் பாண்டு வாத்தியம் இருந்து, வால்வு ‘டக்’கென்று அடித்தால், விடுதியில் என் அறைக்குக் கொண்டுவரலாம். சனி, ஞாயிறு நாள்களில் முகூர்த்தம் இருந்தால் மட்டும் நான் ஊருக்குப் போயிருப்பேன்.